மூக்கு கனத்த துப்பாக்கி: பேரல் எவ்வளவு தடியா இருக்கணும்?

போன எபிசோட்ல லேப்டாப் பேட்டரி ஏன் வீங்குதுன்னு பேசினோம். இந்த வாரம் கொஞ்சம் வெளியூர் சரக்கு. என் பெரியப்பா பையன், அண்ணன், டெக்சஸ்ல ஆஸ்டினுக்கு வெளியே இருக்கார். போய்ப் பதினாறு வருஷம் ஆச்சு, இப்போ அந்த ஊர்க் குடிமகன். அவரோட நண்பர் ஒருத்தருக்கு அங்க நிலம் இருக்கு. அந்தப் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை ரொம்ப அதிகம். கூட்டமா வந்து ஒரே ராத்திரியில வயலை உழுது வெச்சுட்டுப் போயிடும். அதனால வாரக் கடைசியில இவங்க நாலு பேர் ராத்திரி பன்றி வேட்டைக்குப் போவாங்க. அண்ணன் கையில இருக்கறது ஏஆர்-15 வகை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள். ஒரு தடவை ட்ரிகரை இழுத்தா ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டாவை அதுவே உள்ள ஏத்திக்கும்.

ஒரு நாள் எனக்கு ராத்திரி, அவருக்குக் காலையில, போன் பண்ணார். குரல் சரியில்ல.

"டேய், நீ மெக்கானிக்கல் தானே படிச்ச?"

"அண்ணா, படிச்சது மெக்கானிக்கல், சோறு போடறது ஜாவா."

"பரவால்ல. பேரல் மாத்தணும். எதுன்னு சொல்லு."

என்ன நடந்துச்சுன்னா, முந்தின ராத்திரி மூணு கிலோமீட்டர் நடந்துட்டு வண்டிக்குத் திரும்பி வந்துட்டு இருந்திருக்காங்க. அவர் துப்பாக்கி, மேல மாட்டியிருக்கற தெர்மல் ஸ்கோப்போட சேர்த்து, நாலரை கிலோ. கடைசி அரை கிலோமீட்டர்ல கை அசந்துபோய், துப்பாக்கியோட மூக்கு மெதுவா கீழ இறங்கியிருக்கு. இறங்கி, முன்னாடி நடந்துட்டு இருந்த நண்பரோட காலுக்கு நேரா வந்து நின்னிருக்கு. சேம்பர் காலி, சேஃப்டி போட்டிருந்தது, விரல் ட்ரிகர் பக்கமே இல்ல. ஒண்ணும் ஆகல. நண்பருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா அண்ணனுக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

அவர் போட்டிருந்தது ஹெவி பேரல். வாங்கும்போது "தடியா இருந்தா குறி சரியா இருக்கும்"னு யாரோ சொல்லியிருக்காங்க. அவரும் நம்ம ஆள்தானே, காசு குடுத்து வாங்கறோம், இருக்கறதுலயே கெட்டியா வாங்குவோம்னு வாங்கிட்டார். பாத்திரக் கடையில அடிகனமான குக்கர் தேடற அதே புத்தி.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருக்கறது குற்றம். இந்த எபிசோட் யாரையும் எதையும் வாங்கச் சொல்றதுக்கு இல்ல. ஒரு இரும்புக் குழாயோட வெளி வடிவத்துக்குள்ள இவ்வளவு வரலாறும் இவ்வளவு தப்புக் கணக்கும் இருக்கான்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அதைத்தான் சொல்லப் போறேன்.

பேரல் ப்ரொஃபைல்னா குழலோட வெளிப்பக்க வடிவம். உள்ள இருக்கற ஓட்டை மாறாது, குண்டோட விட்டம் என்னவோ அதுதான். 5.56 மி.மீ. தோட்டான்னா ஓட்டையும் அதே அளவு. வெளியில எவ்வளவு இரும்பை விட்டு வைக்கறோம், எந்த இடத்துல விட்டு வைக்கறோம், அதுதான் ப்ரொஃபைல். ஒல்லியா இருந்தா பென்சில். கொழுத்து இருந்தா ஹெவி. நடுவுல மீடியம். அப்புறம் கவர்மென்ட்னு ஒரு விசித்திரம், எம்4னு அதைவிட விசித்திரம். அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல கணக்கு. ஒரு 16 இன்ச் பேரலை ஒரே சீரான குழாய்னு வெச்சுக்கோங்க. நிஜத்துல சேம்பர் பக்கம் தடிச்சுத்தான் இருக்கும், ஆனா ஒப்பிடறதுக்கு இது போதும். வெளி விட்டம் 0.625 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 16 மி.மீ. இருந்தா எடை சுமார் 550 கிராம் வருது. 0.75 இன்ச்னா 830 கிராம். 0.9 இன்ச்னா 1,230 கிராம். விட்டத்துல வித்தியாசம் ஏழு மி.மீ. தான். எடை ரெண்டு மடங்குக்கு மேல போயிடுது.

இப்போ விறைப்பு. இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர் ஞாபகம் வரும், அரியர் வெச்சவங்களுக்கு இன்னும் நல்லா ஞாபகம் வரும். வளையாம நிக்கற சக்தி விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். 0.625 பேரலோட விறைப்பை 1னு வெச்சா, 0.75க்கு 2.1, 0.9க்கு 4.35. எடை 2.2 மடங்கு குடுத்து விறைப்பு 4.35 மடங்கு வாங்கறோம். கேட்டா லாபமான டீல் மாதிரித்தான் இருக்கு. அண்ணனுக்குக் கடைக்காரர் சொன்னதும் இதோட சாதாரண மனுஷ வடிவம்தான்.

ஆனா அந்த விறைப்பு எதுக்கு வேணும்? பேரல் ஒரு பக்கம் மட்டும் ரிசீவர்ல இறுகப் பிடிச்சிருக்கு, இன்னொரு பக்கம் சும்மா நீட்டிட்டு நிக்குது. பால்கனி மாதிரி. குண்டு உள்ள ஓடும்போது அது அதிரும். பழைய மாடல்ல கைப்பிடி உறை, அதாவது ஹேண்ட்கார்டு, பேரலோட தொட்டுட்டு இருக்கும். அதனால கையால இழுத்தாலும் ஸ்லிங் வாரை இறுக்கினாலும் பேரல் வளையும். எவ்வளவு வளையும்னு கணக்கு போட்டேன். ரிசீவர்ல இருந்து 20 செ.மீ. தள்ளி அஞ்சு கிலோ எடை அளவுக்கு இழுத்தா, 0.625 பேரலோட மூக்கு திரும்பற கோணம் 100 மீட்டர்ல சுமார் 16 செ.மீ. வித்தியாசம் காட்டும். 0.9 பேரல்னா 4 செ.மீ.க்குள்ள. சபாஷ், ஹெவி ஜெயிச்சுடுச்சுன்னு தோணும்.

தோணக் கூடாது. ஏன்னா இப்போ பெரும்பாலும் எல்லாரும் போடறது ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு. அது ரிசீவர் பக்கத்துல மட்டும் பிடிச்சிருக்கும், பேரலை எங்கயும் தொடாது. நீங்க உறையை எவ்வளவு இழுத்தாலும் பேரலுக்குத் தெரியவே தெரியாது. அந்த 16 செ.மீ. பிரச்சினை, பென்சில் பேரலா இருந்தாலும், மறைஞ்சு போயிடுது. அண்ணன் துப்பாக்கியில ஏற்கெனவே ஃப்ரீ ஃப்ளோட்தான் இருந்துச்சு. தீர்ந்துபோன பிரச்சினைக்கு அவர் கூடுதலா ராத்திரி ராத்திரி அரை கிலோ இரும்பு சுமந்துட்டு இருந்தார்.

அப்போ தடி பேரலுக்கு மிச்சம் இருக்கற நியாயம் என்ன? சூடு. இது நிஜமான நியாயம்.

ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் வெப்பம் பேரலுக்குள்ள இறங்குது. இரும்பு அதிகம் இருந்தா அதே வெப்பத்துக்குச் சூடு மெதுவா ஏறும். 0.9 பேரல்ல இரும்பு 2.2 மடங்கு. அதனால ஒரு குண்டுக்கு ஏறற வெப்பநிலை, ஒல்லி பேரலைவிடப் பாதிக்கும் கீழ. ஆனா காத்து பட்டு ஆற்ற வெளிப்பரப்பு 1.44 மடங்குதான். அதனால ஆறறதுக்கு ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும். ஒல்லி பேரல் டீ டம்ளர், தடி பேரல் குண்டான். குண்டான் சூடாக நேரமாகும், சூடானா சீக்கிரம் ஆறாது.

சூடானா என்ன ஆகும்? முதல்ல குறி நகரும். பேரலைத் துளை போடும்போதும், பள்ளம் வெட்டும்போதும், நேராக்கும்போதும் இரும்புக்குள்ள இறுக்கம் தங்கிடும். சூடாகும்போது அந்த இறுக்கம் ஒரு பக்கமா இளகி, பேரல் மயிரிழை அளவு வளையும். தயாரிக்கும்போது ஒழுங்கா ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்ணியிருந்தா ஒல்லி பேரல்கூட அதிகம் நகராது. பண்ணலைன்னா தடி பேரலும் நகரும், அதுக்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். இன்னொரு விஷயம் நல்லா கவனிங்க. ஆறின பேரல்ல சுடற முதல் அஞ்சு குண்டு எவ்வளவு நெருக்கமா விழுதுங்கறதை முக்கியமா முடிவு பண்றது துளையோட தரமும் தோட்டாவும் தான். தடிமன் மட்டும் ஒரு மோசமான பேரலை நல்ல பேரலா மாத்தாது.

அதுக்கும் மேல சூடானா விஷயம் விபரீதம். சேம்பர்ல உட்கார்ந்திருக்கற தோட்டா, யாரும் ட்ரிகரைத் தொடாமலே, சூட்டுல வெடிக்கும். இதுக்கு குக் ஆஃப்னு பேர். அதையும் தாண்டினா இரும்பு இளகி, உள்ள இருக்கற அழுத்தம் தாங்காம பேரலே பொத்துக்கும். ஆனா அந்த நிலைமைக்குப் போகணும்னா நூத்துக்கணக்குல, நிறுத்தாம, மேகசின் மாத்தி மாத்திச் சுடணும்.

போர்ல அது நடந்திருக்கு. 2008 ஜூலை 13, ஆப்கானிஸ்தான்ல வனாத்ங்கற இடம். சின்ன அமெரிக்க முகாம், விடியறதுக்கு முன்னாடி பெரிய தாக்குதல். ஒன்பது அமெரிக்க வீரர்கள் இறந்துபோனாங்க. பல பக்கத்துல இருந்து வந்த தாக்குதலைத் தடுக்க வீரர்கள் தொடர்ந்து சுட்டதுல சிலரோட எம்4 நடுச் சண்டையில நின்னு போச்சு. பிறகு ராணுவமே வெளியிட்ட ஆய்வு அந்தக் கோளாறுகளையும் அவ்வளவு வேகமா சுட்டதையும் சேர்த்துப் பேசுது. எம்4க்கு ராணுவக் கையேடு சொல்ற நீடிச்ச வேகம் நிமிஷத்துக்கு 12லிருந்து 15 குண்டு. சாவு முன்னாடி வந்து நிக்கும்போது யாரு எண்ணிட்டு இருப்பா? அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல அமெரிக்க ராணுவம் தன் எம்4களை எம்4ஏ1ஆ மாத்த ஆரம்பிச்சப்போ, அதுல ஒரு முக்கியமான மாற்றம் தடிச்ச பேரல்.

ஆனா எந்த இடத்துல தடிச்சது? இங்கதான் எனக்குப் பிடிச்ச கதை வருது. சாஃப்ட்வேர்ல இருக்கறவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க, இது உங்க கதைதான்.

வியட்நாம் காலத்து எம்16, எம்16ஏ1 எல்லாம் ஒல்லி பேரல். 1980களோட ஆரம்பத்துல அமெரிக்க மரீன் கோர் அதை மேம்படுத்தற வேலையில இறங்கினாங்க. அதோட விளைவுதான் எம்16ஏ2, மரீன்கள் 1983ல ஏத்துக்கிட்டாங்க. அந்த வேலை நடக்கும்போது ஒரு புகார் இருந்துச்சு: படைகள்கிட்ட இருக்கற ரைஃபிள்ல பேரல் முன்பக்கம் வளைஞ்சு போகுது. எப்படிக் கண்டுபிடிச்சாங்க? பேரல் நேரா இருக்கான்னு பார்க்க ஒரு கேஜ் இருக்கு, ஒரு கம்பி. அதைத் துளைக்குள்ள போட்டா தன்னால வழுக்கிட்டு அந்தப் பக்கம் விழணும். நடுவுல நின்னா பேரல் கோணல். நிறைய பேரல்ல கம்பி நின்னுச்சு. சிப்பாய்ங்க துப்பாக்கியைக் கடப்பாரை மாதிரிப் போட்டு நெம்பறாங்க, முன்பக்கம் வளையுதுன்னு முடிவு பண்ணாங்க. தீர்வு: முன்பக்கத்தைத் தடியாக்கு.

தடியாக்கிட்டாங்க. முன் சைட்டுக்கு முன்னாடி இருக்கற பகுதி தடிச்சது. ஹேண்ட்கார்டுக்கு உள்ள இருக்கற பகுதி பழையபடி ஒல்லியாவே இருந்துச்சு. அங்க எம்203ங்கற கிரனேட் லாஞ்சரை மாட்டணும், அதோட கிளாம்ப் பழைய அளவுக்குச் செஞ்சது. பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி, வேற என்ன.

பிறகுதான் அந்தத் திட்டத்துல இருந்த மரீன் அதிகாரி ஒருத்தர், கம்பி எங்க நிக்குதுன்னு துளைக்குள்ள போர்ஸ்கோப் விட்டுப் பார்த்ததைச் சொன்னார். அது நின்ன இடம் கேஸ் போர்ட். குண்டுக்குப் பின்னாடி வர்ற வாயுல கொஞ்சம் வெளிய எடுத்துத் துப்பாக்கியை இயக்கறதுக்காகப் பேரல்ல ஒரு சின்ன ஓட்டை போடுவாங்க, அதுதான் கேஸ் போர்ட். அந்த ஓட்டை போட்ட இடத்துல உள்பக்கம் பிசிறு இருந்துச்சு. போற ஒவ்வொரு குண்டும் அந்தப் பிசிறுல தன்னோட செம்பு உறையைக் கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சுட்டுப் போயிருக்கு. அங்க ஒரு சின்ன மேடு உருவாயிடுச்சு. கம்பி அதுலதான் முட்டி நின்னிருக்கு. அந்த மேட்டைச் சுரண்டி எடுத்ததும் கம்பி வழுக்கிட்டு விழுந்துடுச்சு. பேரல் வளையவே இல்ல.

அதுக்குள்ள வடிவம் முடிவாயிடுச்சு. ரூட் காஸ் தப்பு, ஃபிக்ஸ் ப்ரொடக்‌ஷன்ல. யாரும் ரோல் பேக் பண்ணல. அந்த வடிவத்துக்குத்தான் கவர்மென்ட் ப்ரொஃபைல்னு பேர்.

இதை முதல் தடவை படிச்சப்போ நான் சிரிச்சேன், அப்புறம் என் ஆபீஸ் ஞாபகம் வந்து சிரிப்பு நின்னுடுச்சு. டெஸ்ட் ஃபெயில் ஆனா கோடுல தப்புன்னு பாய்வோம், டெஸ்ட்லயே தப்பு இருக்கலாம்னு கடைசியாத்தான் தோணும்.

இன்ஜினியரிங் கண்ணோட பார்த்தா கவர்மென்ட் ப்ரொஃபைல் தலைகீழ். ஒரு பக்கம் பிடிச்ச கம்பிக்கு வளைக்கற விசை அதிகம் வர்றது அடியில. அதனால இரும்பு அடியில இருக்கணும், நுனிக்குப் போகப் போக மெலியணும். தூண்டில் கம்பைப் பாருங்க. மரக்கிளையைப் பாருங்க. சூடும் அப்படித்தான், சேம்பர்லயும் அதுக்கு முன்னாடி ஹேண்ட்கார்டுக்குள்ள இருக்கற பகுதியிலயும்தான் கொதிக்குது. ரொம்பச் சுட்டுப் பேரல் பொத்துக்கற இடமும் அந்த ஒல்லிப் பகுதிதான். கூடுதல் இரும்பு எங்க தேவையோ அங்க இல்ல. எங்க தேவையில்லையோ அங்க இருக்கு. அதுவும் தோள்ல இருந்து ரொம்பத் தள்ளி. மூக்கு நுனியில இருக்கற நூறு கிராம், பேரல் அடியில இருக்கற நூறு கிராமைவிட உங்க கையைக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இழுக்கும்.

எம்4 கதை இதோட தொடர்ச்சி. பேரல் 14.5 இன்ச்சா சுருங்கினதும், எம்203ஐ மாட்டற இடம் தடிச்ச முன்பகுதியில வந்து விழுந்துச்சு. கிளாம்ப் பிடிக்கல. என்ன பண்ணாங்க? தடிச்ச பகுதியில வளையமா ஒரு பள்ளம் வெட்டினாங்க. முதல்ல தப்பான காரணத்துக்காகத் தடியாக்கி, அப்புறம் லாஞ்சருக்காக அதுல பள்ளம். இன்னிக்கு அமெரிக்காவுல சாதாரண ஆள் கடையில வாங்கற பேரல்லயும் அந்தப் பள்ளம் இருக்கும். அங்க சிவிலியன் ரைஃபிளுக்குக் குறைஞ்சது 16 இன்ச் பேரல் வேணும், அதுக்குக் கீழன்னா தனியா கூட்டாட்சிப் பதிவு. அதனால 16 இன்ச் பேரல், கிரனேட் லாஞ்சர் மாட்டப் பள்ளம், ஆனா வாங்கற ஆள் கிரனேட் லாஞ்சரைப் பார்த்ததே இல்ல. பார்க்க மிலிட்டரி மாதிரி இருக்கும். அண்ணன் ரெண்டாவதா வாங்கலாம்னு நினைச்சது இதைத்தான். "மிலிட்டரி கிரேட் டா"ன்னார். நான் மேல சொன்ன கதையை அவருக்கு முக்கால் மணி நேரம் சொன்னேன். கடைசியில, "அப்போ நாப்பது வருஷமா ஒரு பிசிறுக்காக எல்லாரும் இரும்பு தூக்கிட்டு அலையறாங்களா?"ன்னு கேட்டார். கொஞ்சம் மிகைதான். ஆனா மறுக்க முடியல.

எம்4ஏ1 ஹெவி பேரல், சோகாம் ப்ரொஃபைல்னும் சொல்வாங்க, இதைத்தான் சரி பண்ணுது. ஹேண்ட்கார்டுக்குள்ள இருக்கற பகுதியைத் தடியாக்கிட்டாங்க. ஆட்டோமேட்டிக்ல சுடற சிப்பாய்க்கு அது சரியான இடத்துல போட்ட சரியான இரும்பு. பன்றி வேட்டைக்குப் போற என் அண்ணனுக்கு?

அது தெரியணும்னா அவர் எப்படிச் சுடறார்னு தெரியணும். நல்லவேளை, போன வருஷம் நான் அங்க போயிருந்தேன். ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனார். நான் சுடல. விசிட்டர் விசாவுல போன ஆள் அங்க துப்பாக்கியைக் கையில எடுக்கறதே, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு இல்லாம, சட்டப்படி சிக்கல். காது மூடி, கண்ணாடி எல்லாம் போட்டுட்டுப் பின்னாடி நின்னு, நோட்டுல கோடு போட்டுட்டு இருந்தேன். அப்போ சும்மா பொழுதுபோகாம எழுதினது, இப்போ டேட்டா ஆயிடுச்சு. ரெண்டு மணி பத்து நிமிஷத்துல 94 குண்டு. ஒரே மூச்சுல சுட்டதுல அதிகபட்சம் 12. நடுநடுவுல டார்கெட் பார்க்கப் போறது, கதை பேசறது, தண்ணி குடிக்கறது. சராசரி நிமிஷத்துக்கு ஒண்ணுகூட இல்ல. வேட்டையில இன்னும் கம்மி. பெரும்பாலான ராத்திரி மூணு, நாலு குண்டு. கூட்டமா மாட்டினா ஒரு நிமிஷத்துல இருபது. அப்புறம் ரெண்டு மணி நேரம் ஒண்ணும் இல்ல.

அன்னிக்கு அவர் நண்பர் ஒருத்தர் பென்சில் பேரல் ரைஃபிள் வெச்சிருந்தார். அவர்கிட்ட கேட்டேன், இருபது குண்டு தொடர்ந்து சுட்டுட்டு உடனே அஞ்சு சுட முடியுமான்னு. சுட்டார். 100 கெஜத்துல அந்த அஞ்சும் ஆறின பேரல்ல விழுந்த இடத்துல இருந்து மூணு விரல் அளவு வலது மேல்பக்கம் நகர்ந்து விழுந்துச்சு. கால் மணி நேரம் ஆற விட்டுட்டுச் சுட்டா பழைய இடம். ஒரு துப்பாக்கி, ஒரு நாள், இதை வெச்சுச் சட்டம் எழுத முடியாது. ஆனா பன்றி நிக்கற தூரத்துக்கு, இருபதாவது குண்டுக்கு அப்புறம் மூணு விரல் நகர்றது அண்ணனோட பிரச்சினையே இல்ல. அவரோட பிரச்சினை மூணாவது கிலோமீட்டர்.

அதனால நான் அவர்கிட்ட கேட்ட ஒரே கேள்வி: "அண்ணா, பத்து நிமிஷத்துக்குள்ள அதிகபட்சம் எத்தனை சுடுவீங்க, எவ்வளவு தூரம் தூக்கிட்டு நடப்பீங்க?" இந்த ரெண்டு நம்பர் தெரிஞ்சா ப்ரொஃபைல் கிட்டத்தட்ட முடிவாயிடும். பெஞ்சுல வெச்சு, நாள் முழுக்கக் காகித டார்கெட்ல சுடற ஆளுக்கு ஹெவி சந்தோஷம்தான். எடை அவருக்குத் தொல்லை இல்ல, பின்னுதைப்புகூட கொஞ்சம் குறையும். ஒரே வகுப்புல நானூறு ஐந்நூறு குண்டு, வேகமா, மேகசின் மாத்தி மாத்திச் சுட்டுப் பயிற்சி எடுக்கறவருக்கு ஹேண்ட்கார்டுக்குள்ள தடிச்ச மீடியம் நல்லது. நடக்கற ஆளுக்கு ஒல்லி. அடியில தடிச்சு நுனியில பென்சிலா மெலியற வடிவமும் இப்போ கிடைக்குது. ஃபாக்ஸன் கம்பெனி கன்னர்னு ஒண்ணு போடறாங்க, பின்பாதி கவர்மென்ட் மாதிரி, முன்பாதி பென்சில். எனக்கு அந்த யோசனை பிடிச்சிருக்கு, தூண்டில் கம்பு லாஜிக்.

ஃப்ளூட்டட் பேரல் பத்தி அண்ணன் கேட்டார், நீங்களும் கேட்பீங்க. தடி பேரல் மேல நீளவாக்குல வாய்க்கால் மாதிரி வெட்டியிருப்பாங்க. "வெட்டினா இன்னும் ஸ்டிஃப்"னு விளம்பரத்துல சொல்வாங்க. இரும்பை எடுத்துட்டா அதே பேரல் எப்படி இன்னும் விறைக்கும்? அதே எடையில இருக்கற வழவழப்பான பேரலைவிட விறைப்பு, அது உண்மை. அதே விட்டத்துல வெட்டாம இருக்கறதைவிட விறைப்பு, அது பொய். எடையைக் கொஞ்சம் குறைச்சு, அழகுக்கும் சேர்த்துக் காசு வாங்கறாங்க. காசு நிறைய இருந்தா வாங்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல.

அண்ணன் கடைசியில எடுத்தது 16 இன்ச் பென்சில். கன்னர் மாதிரி வடிவம் அவர் கேட்ட கடையில ஸ்டாக் இல்ல, காத்திருக்கப் பொறுமையும் இல்ல. பழைய பேரலோட ஒப்பிட்டா, சமையலறைத் தராசுல வெச்சு எடுத்த அளவு, 480 கிராம் கம்மி. அண்ணி அந்தத் தராசைக் கழுவச் சொல்லி ஒரு தகராறு நடந்ததா தகவல். எடை குறைஞ்சதோட நிக்கல. இனிமே திரும்பி வரும்போது வரிசையில கடைசி ஆள் முன்னாடி போறவர் பின்னாலயே நடக்கக் கூடாது, பக்கவாட்டுல தள்ளி நடக்கணும், துப்பாக்கி ஸ்லிங்ல தொங்கணும், கையில இருக்கக் கூடாதுன்னு நாலு பேரும் பேசி வெச்சிருக்காங்க. ஏன்னு மத்த மூணு பேருக்கும் அவர் முழுசா சொன்னாரா, தெரியல. நான் கேட்கல.

ஒரு விஷயத்துல மட்டும் நான் சொதப்பிட்டேன். கேஸ் போர்ட் மேல உட்கார்ற பாகம், கேஸ் பிளாக், அது பேரலோட அந்த இடத்து விட்டத்துக்குச் சரியா இருக்கணும். அவரோட பழைய பேரல்ல அது 0.75. பென்சில் பேரல்ல 0.625. விட்டத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசின நான், இதைச் சொல்ல மறந்துட்டேன். பேரல் வந்து, பழசைக் கழட்டி, கேஸ் பிளாக்கை எடுத்துப் போட்டுப் பார்த்தா லொட லொடன்னு ஆடுது. வீடியோ கால்ல அதை ஆட்டிக் காட்டினார். ஒரு வார்த்தை பேசல, ஆட்டிட்டே இருந்தார். புது கேஸ் பிளாக் ஆர்டர் போட்டிருக்கு, வியாழக்கிழமை வருதாம்.